இருபது மணி நேரச் சாமந்தி

திம்மராயனுக்கு அந்த ஒரு வருடத்தில் நானூற்று முப்பத்தெட்டுத் தடவை பொழுது விடிந்தது. ஊர் உலகத்தில் மற்ற எல்லாருக்கும் வழக்கம்போல முந்நூற்று அறுபத்தைந்து தடவைதான். மீதி எழுபத்துமூன்று விடியல்களைச் சூரியன் அவருக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்ததா என்று பொறாமைப்பட வேண்டாம். சூரியனுக்கும் அந்த விடியல்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவற்றைக் கொடுத்தவை, தளிக்கு அப்பால் கர்நாடக எல்லையை ஒட்டி நின்ற 'வர்ணமாலினி மலர் ஏற்றுமதி' நிறுவனத்தின் ஏழாம் நம்பர் பாலிஹவுஸில் தொங்கிய பதினோராயிரம் எல்.இ.டி. விளக்குகள்.

பாலிஹவுஸ் என்று பெயர்தான். மற்ற பாலிஹவுஸ்களில் பிளாஸ்டிக் கூரை வழியாகச் செடிகள்மேல் வெயில் இறங்கும். ஏழாம் நம்பரின் கூரை, சுவர், மூலை முடுக்கு எல்லாவற்றையும் கறுப்புப் படுதாவால் போர்த்தி, ஊசி நுழையும் ஓட்டையைக்கூட ஒட்டி அடைத்திருந்தார்கள். ஒளிக்கீற்று ஒன்று வழி தவறி வந்தால், அடையாள அட்டை கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே நாற்பதாயிரம் வெள்ளைச் சாமந்திச் செடிகள். அவற்றுக்கு நடுவில், பிளைவுட் தடுப்பு வைத்த ஓர் அறையில், திம்மராயன்.

அவரை வேலைக்கு எடுத்தவள் யாமினி. செடிகளின் தூக்கத்தைப் பற்றிப் படித்து டாக்டர் பட்டம் வாங்கிய பெண். வயது முப்பதுகூட இருக்காது.

"அண்ணா, சாமந்தி எப்போ பூக்கும்?" என்று முதல் நாள் கேட்டாள்.

"கார்த்திகை, மார்கழியில பூக்கும். குளிர் வந்தா."

"குளிருக்கு இல்லண்ணா. ராத்திரி நீளமாகுதே, அதுக்கு. சாமந்தி உக்காந்து ராத்திரியை எண்ணிக்கிட்டே இருக்கும். நீளமான ராத்திரி இத்தனை போச்சுன்னா, சரி, பூக்கலாம்னு முடிவு பண்ணும்."

"எண்ணுதா? எங்க வீட்டுக்காரிகூட அவ்வளவு கரெக்டா எண்ண மாட்டா."

"இங்க நாங்க நாளையே சின்னதாக்கிட்டோம். பத்து மணி நேரம் வெளிச்சம், பத்து மணி நேரம் இருட்டு. இருபது மணி நேரத்துல ஒரு நாள் முடிஞ்சுது. வெளிய அம்பது நாள் போறதுக்குள்ள உள்ள அறுபது ராத்திரி ஆயிடும். உலகத்துல யாருக்கும் முன்னாடி நம்ம பூ ரெடி."

திம்மராயன் முப்பத்தொரு வருடம் லைன்மேனாக இருந்தவர். கம்பத்தில் ஏறி இறங்கியவருக்கு எதையும் சும்மா நம்பும் வழக்கம் கிடையாது. "பத்து மணி நேர இருட்டை அது நீள ராத்திரின்னு ஒத்துக்குமா?"

யாமினி சிரித்தாள். "அதுதான் சூட்சுமம். விளக்கை அணைச்சதும் பத்து நிமிஷம் ஒரு அடர் சிவப்பு வெளிச்சம் காட்டுவோம். நம்ம கண்ணுக்கு அது தெரியுமா தெரியாதான்னு இருக்கும். செடி அதைப் பார்த்துட்டு, அய்யோ, ராத்திரியாகி ரொம்ப நேரமாச்சுன்னு நினைச்சுக்கும்."

"ஏமாத்துறோம்னு சொல்லு."

"அவசரப்படுத்துறோம்ணா."

இதற்கு ஆள் எதற்கு உள்ளேயே குடியிருக்க வேண்டும் என்றால், அதற்குப் பெரிய சரித்திரம் உண்டு. முதலில் ஷிப்டு ஆட்களைத்தான் வைத்தார்கள். அவர்கள் சூரியனுடைய ஆட்கள். செடிக்கு நடுராத்திரியாக இருக்கும்போது சுறுசுறுப்பாக வந்து தண்ணீர் தெளித்தார்கள், செடிக்கு விடிந்தபோது நின்றபடியே குறட்டை விட்டார்கள். ஒருத்தன் செடிகளின் இருட்டில் நடந்தபோது சட்டைப்பையில் இருந்த செல்போன் அடித்தது. மாமியார். அந்த அம்மாள் பெயர் திரையில் ஒளிர்ந்த நாலு விநாடியில் மூன்றாவது பாத்தி முழுக்க ராத்திரிக் கணக்கை மறந்துபோய், மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது என்பார்கள். அன்றைக்கு முடிவானது: பூவைப் பார்த்துக்கொள்பவன் பூவின் நாளில்தான் வாழ வேண்டும். செல்போன் கூடாது. வெளியே வரக் கூடாது. இருட்டு நேரத்தில் மங்கலான ஒரு பச்சை விளக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம், அந்தப் பச்சை செடிக்குத் தெரியாது. ஒப்பந்தம் ஒரு வருடம்.

இப்படி ஓர் இடத்துக்கு மனிதன் எவனாவது விரும்பிப் போவானா?

திம்மராயன் விரும்பித்தான் போனார். ஏன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வேலையில் இருந்தவரை அவர் வீட்டில் தங்கிய நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு கல்யாணத்துக்கு வந்த தூரத்து உறவினர் தங்கும் நேரம்தான் தேறும். காற்று அடித்தால் கம்பம், மழை பெய்தால் டிரான்ஸ்பார்மர். ஓய்வு பெற்ற மறுநாள் ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அவர் மனைவி மாதேவி பெருக்க வந்தாள். கால் தூக்கினார். துடைக்க வந்தாள். நாற்காலியோடு நகர்ந்தார். எட்டு மாதம் அந்த வீட்டில் அவர் நகராத இடம் கிடையாது. மடக்கி வைக்க முடியாத ஏணியை நடுக்கூடத்தில் விட்டுப்போனால் எப்படியோ, அப்படி இருந்தது அவருக்கு. அப்புறம் ஒருநாள் மாதேவி பக்கத்து வீட்டு ரத்தினாவிடம் சொன்னது ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்டது: "இவரு எங்கியாச்சும் வேலைக்குப் போயிட்டா தேவலை. அப்பதான் வீடு வீடா இருக்கும்."

அடுத்த வாரமே திம்மராயன் ஏழாம் நம்பருக்குள் போய்விட்டார்.

கதவைச் சாத்துவதற்கு முன் கம்பெனி டாக்டர் வசுந்தரா ஒன்று சொன்னாள். "ஒரு வருஷம் இந்த இருபது மணி நேரத்துல இருந்தா ஒண்ணும் ஆகாது. வெளிய வந்து வெயில்ல உக்காந்தா உடம்பு பழையபடி திரும்பிடும். அதுக்கு மேல இருந்தா நான் உறுதி குடுக்க மாட்டேன். அப்புறம் சாகிற வரைக்கும் நீங்க ஒரு பக்கம், உலகம் ஒரு பக்கம்."

சாப்பாடு வந்துபோக ஒரு பெட்டி இருந்தது. சுவரில் பதித்த தகரப் பெட்டி, இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. வெளிச்சம் வராது, குரல் மட்டும் வரும், அதுவும் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல. அவருடைய விடியலில் ஒரு தடவையும் அவருடைய பொழுது சாயும்போது ஒரு தடவையும் கேன்டீனிலிருந்து கேரியர் வரும். அந்த நேரம் ஒருநாள்போல ஒருநாள் இருக்காது. இன்று காலை ஆறு மணிக்கு அவருக்கு விடிந்தால், அடுத்த விடியல் பின்னிரவு இரண்டுக்கு, அதற்கடுத்தது இரவு பத்துக்கு, அப்புறம் மாலை ஆறுக்கு. இப்படிப் பின்னால் பின்னால் போய், வெளியே ஐந்து நாள் கழியும்போது மறுபடி காலை ஆறில் வந்து நிற்கும். கேரியர் தூக்கிவந்த முதல் ஆள் ஐந்தாம் நாள் ஓடிப்போனான். இரண்டாவது ஆள் பெட்டிக்கு வெளியிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். மூன்றாவது ஆள் சாம்பாரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அழுதான், அது திம்மராயனுக்கே கேட்டது.

ஐந்து நாளைக்கு ஒரு தடவை, இரண்டு காலைகளும் சேரும் நாளில், மாதேவி வந்து பெட்டிப் பக்கம் பத்து நிமிடம் பேச அனுமதி உண்டு. அதற்கு மேல் குடும்பத்தார் அந்தப் பக்கமே வரக் கூடாது. வீட்டு ஞாபகம் வந்தால் ஆளுடைய தூக்கம் கெடும், ஆளின் தூக்கம் கெட்டால் பூவின் தூக்கம் கெடும்.

"இனிமே பசவான்னு ஒருத்தன் சாப்பாடு கொண்டாருவான்" என்று மாதேவிதான் ஒரு தடவை சொன்னாள். "பேச்சு வராது. காது கேக்கும். நீங்க பாட்டுக்கு அவனை ஏதாச்சும் கேட்டுட்டு, பதில் சொல்லலன்னு கோச்சுக்காதீங்க."

"சரி. நீ எப்படி இருக்கே?"

"இருக்கேன். நீங்க?"

"இருக்கேன்."

முப்பத்தொரு வருடத் தாம்பத்தியத்துக்கு அந்தப் பத்து நிமிடத்தில் ஒன்பதரை நிமிடம் மிச்சம் விழுந்தது. அதை மாதேவி கொட்டாவியால் நிரப்பினாள். சாதாரணக் கொட்டாவி இல்லை. பெட்டியே வாயைப் பிளந்ததுபோல ஒன்று, அது முடிவதற்குள் அடுத்தது. அடுத்த ஐந்தாம் நாளும் அப்படியே. அதற்கடுத்ததும். என்னோடு பத்து நிமிடம் பேசக்கூட இவளுக்கு அலுப்பாக இருக்கிறது என்று திம்மராயன் முடிவு கட்டினார். விளக்குக்காரர்களுக்கு இது ஒரு தொழில் வியாதி. வெளிச்சம் எப்போது, இருட்டு எப்போது என்று ஒரு தடவை அட்டவணை எழுதிவிட்டால், அப்புறம் அதைத் தாண்டி எதையும் பார்க்க மாட்டார்கள்.

பசவா மட்டும் ஒரு விடியல்கூடத் தவறவில்லை. கேரியரை வைப்பான், கதவைத் தட்டுவான், ஆனால் உடனே போய்விட மாட்டான். மூச்சுச் சத்தம் கேட்கும்.

நாற்பதாயிரம் செடிகளோடு நாலு மாதம் ஒருவன் தனியாக இருந்தால் என்ன ஆவான்? திம்மராயன் செடிகளுக்குப் பெயர் வைத்துப் பார்த்தார், முந்நூறுக்கு மேல் பெயர் ஞாபகம் இல்லை. கொட்டகையின் நீளத்தை அடியால் அளந்தார், முழத்தால் அளந்தார், படுத்து உருண்டும் அளந்தார். தன் நிழலோடு சண்டை போட்டு, அதனிடம் பேச்சை நிறுத்தி, மறுபடி சமாதானம் ஆனார். பிறகுதான் பெட்டியின் அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது என்பது உறைத்தது.

"பசவா, இருக்கியா? இருந்தா ஒரு தட்டு தட்டு."

டொக்.

அவ்வளவுதான். அணை உடைந்தது. லைன்மேன் வேலையில் சேர்ந்த முதல் வருடம் கம்பத்தின் உச்சியில் பயத்தில் இறங்க முடியாமல் ஒன்றரை மணி நேரம் முருகனைக் கூப்பிட்டதைச் சொன்னார். கூட வேலை செய்த அந்தோணி, கை ஒரு நொடி தவறி, தன் கண் முன்னாலேயே கம்பியில் தொங்கியதையும், அன்று வீட்டுக்குப் போய் ஒன்றும் நடக்காததுபோல மூன்று தோசை சாப்பிட்டதையும் சொன்னார். "அவகிட்ட சொல்லல பசவா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தோசை எப்படின்னு கேட்டா. நல்லாருக்குன்னேன்." பெட்டிக்கு அந்தப் பக்கம் வெகு நேரம் மூச்சே கேட்கவில்லை. பிறகு ஒரு தட்டு. டொக்.

கடைசியில் ஒருநாள், ஜன்னல் வழியாகக் கேட்டதையும் சொல்லிவிட்டார்.

"நான் இல்லாததுதான் அவளுக்கு நிம்மதி. பேச வந்தா கொட்டாவி விடுறா பாவம். அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். எனக்கே என்னோட உக்காந்தா கொட்டாவி வருது."

அன்றைக்குத் தட்டு வரவில்லை.

வருடம் முடியப் பத்து நாள் இருக்கும்போது, பெட்டிக்குள் கேரியரோடு ஒரு படிவம் வந்தது. மேலாளர் கோதண்டபாணியின் கையெழுத்தோடு. இன்னும் மூன்று வருடம் இருக்கச் சம்மதமா? சம்மதம் என்றால் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் வைக்கவும். கூடவே டாக்டர் வசுந்தராவின் துண்டுச் சீட்டு: 'நான் முதல் நாள் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொண்டு முடிவு செய்யவும்.'

திம்மராயன் ஐந்தாம் நாளுக்காகக் காத்திருந்தார். மாதேவி வந்தாள்.

"படிவம் வந்திருக்கு. மூணு வருஷத்துக்கு."



"போடவா?"

"உங்களுக்கு இஷ்டம்னா போடுங்க."

"உனக்கு?"

"எனக்கு இன்னா? எனக்கு…" என்றவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. பெட்டிக்குள் ஒரு கொட்டாவி புகுந்து எதிரொலித்தது.

போதும், என்று திம்மராயன் நினைத்தார். 'வாங்க' என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் கதவை உடைத்துக்கொண்டு போயிருப்பார்.

அடுத்தடுத்த விடியல்களில் படிவத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். கடைசியில், வெளியே உலகம் நண்பகலை நெருங்கும்போது அவருக்குப் பொழுது சாய்கிற ஒரு நாளில், கையெழுத்துப் போட்டார். பசவா வந்ததும் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தார். பசவா வரவில்லை. விளக்குகள் அணைந்தன. அடர் சிவப்பு பத்து நிமிடம் கசிந்து அடங்கியது. இருட்டு. ஒரு வருடத்தில் முதல் தடவையாகப் பசவா தாமதம்.

அரை மணி கழித்துப் பெட்டியின் அந்தப் பக்கக் கதவு கிரீச்சிட்டது.

"பசவா, இன்னாப்பா ஆச்சு? சரி, இதைக் கேளு. கையெழுத்துப் போட்டுட்டேன். மூணு வருஷம். அப்புறம் எனக்கும் ஊருக்கும் ஒட்டு உறவு இல்ல. அவ நல்லா இருக்கட்டும்."

கேரியர் விழும் சத்தம். அதன் அடுக்குகள் ஒவ்வொன்றாக உருளும் சத்தம். பிறகு அதைவிடக் கனமான ஒன்று விழும் சத்தம்.

"பசவா!"

தட்டு இல்லை. மூச்சு மட்டும் ஏதோ ஒரு மாதிரி இழுத்தது.

ஏழாம் நம்பரின் வாசலில் இரண்டு கதவுகள், நடுவில் ஓர் இருட்டு அறை. ஒன்று மூடாமல் மற்றது திறக்காது என்று பூட்டியிருந்தார்கள். முப்பத்தொரு வருடம் மின்கம்பியோடு குடித்தனம் நடத்தியவருக்கு அது ஒரு பூட்டா? இரண்டு ஒயரைப் பிடுங்கி முறுக்கினார், இரண்டு கதவும் ஒரே நேரத்தில் வாயைப் பிளந்தன. நண்பகல் வெயில், ஒரு வருடமாக வாசலில் காத்திருந்த கடன்காரன்போல உள்ளே பாய்ந்தது. நாற்பதாயிரம் சாமந்திகள் நடு ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்தன.

திம்மராயன் கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் பார்த்தபடி, கொட்டகையைச் சுற்றி ஓடினார். பெட்டிக்குக் கீழே, சிதறிய சோற்றுக்கு நடுவில், மாதேவி கிடந்தாள்.

பசவா என்று யாரும் அங்கே இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

*

கோதண்டபாணி கம்பெனி மருத்துவ அறைக்கே வந்து கத்தினார். "கல்யாண ஆர்டர் ஐயா! தேதி குறிச்ச கல்யாணம்! மொட்டெல்லாம் முழிச்சிக்கிட்டு நிக்குது. இன்னும் பத்து நாளுக்கு ஒண்ணும் பூக்காது. ஒரு அம்மா மயக்கம் போட்டாங்கன்னா ஆபீசுக்கு பஸ்ஸரை அழுத்தணும், ராத்திரியை உடைக்கக் கூடாது!"

"எனக்கு எந்த ராத்திரின்னு தெரியல சார்" என்றார் திம்மராயன்.

அத்தோடு அவர் வேலை முடிந்தது. கையெழுத்துப் போட்ட படிவம் எங்கே விழுந்தது என்று யாரும் தேடவில்லை.

யாமினி ஓரமாக நின்றிருந்தாள். கேன்டீன் பதிவேட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "அக்கா, மூணாவது ஆளு நின்ன மறுநாள்லருந்து நீங்கதான் வந்திருக்கீங்க. பேர் மாத்திக் குடுத்திருக்கீங்க. ஒரு வருஷமா இவரோட நேரத்துல எழுந்து, சமைச்சு, தூங்கி… வெளிய சூரியன் இருக்கும்போது எப்படிக்கா?"

"ஜன்னலுக்குக் கம்பளி கட்டினேன்" என்றாள் கட்டிலில் கிடந்த மாதேவி. "ரத்தினா எனக்கு மந்திரிக்கக்கூட ஆள் கூட்டியாந்தா."

எல்லாரும் வெளியே போன பிறகு கணவனும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். நடுவில் பெட்டி இல்லாதது இருவருக்குமே சங்கடமாக இருந்தது.

"நீயாத்தான் இருந்தியா, எல்லா நாளும்?"

"ஆமா."

"நான் சொன்னதெல்லாம் கேட்டியா?"

"கேட்டேன்."

"அந்தோணி?"

"கேட்டேன்."

"ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்ல?"

"பேசினா நீங்க நிறுத்திடுவீங்க" என்றாள் மாதேவி. "முப்பத்தொரு வருஷமா எங்கிட்ட சாப்பாடு ஆச்சா, கரண்டு வந்துச்சான்னுதான் பேசியிருக்கீங்க. பசவாகிட்ட எவ்வளவு பேசுனீங்க! அதைக் கெடுக்க மனசு வரல."

திம்மராயன் கட்டிலின் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருக்க முடியவில்லை. "ரத்தினாகிட்ட சொன்னது?"

"சொன்னேன். அன்னிக்கு மனசுல அதுதான் இருந்துச்சு. நீங்க போன அப்புறம் வீடு வீடாத்தான் இருந்துச்சு, ரெண்டு நாளைக்கு. மூணாவது நாள் பார்த்தா, செவுரு நாலும் என்னை வெறிச்சுப் பார்க்குது."

"படிவம் வந்தப்ப வாங்கன்னு சொல்லியிருந்தா…"

"நீங்க வர்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?"



*

டாக்டர் வசுந்தரா திம்மராயனைத் தினமும் காலை மொட்டை மாடியில் வெயிலில் உட்காரச் சொன்னாள். பத்தொன்பது நாளில் அவர் உடம்பு உலகத்தோடு சேர்ந்துகொண்டது. ஆறு மணிக்கு விழித்து, பத்து மணிக்குத் தூங்கி, ஊரில் உள்ள எல்லாக் கிழவர்களையும்போல ஆனார். மாதேவியையும் உட்கார வைத்தார். அவள் வெயிலில் உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

"இவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள் டாக்டர். "உங்களைத் திருப்பினது விளக்கு. அதனால வெளிச்சத்தை வெச்சு மறுபடி திருப்பிட்டோம். இவங்களை எந்த விளக்கும் திருப்பல. அவங்களா மாறினாங்க. அதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல."

ஆகவே எல்லாம் தலைகீழானது. இப்போது திம்மராயன் சூரியனின் ஆள், மாதேவி இருபது மணி நேரக்காரி. அவர் காப்பி போடும்போது அவளுக்கு நடுநிசி, அவருக்குக் கண் சொக்கும்போது அவளுக்குக் கோழி கூவும் நேரம். ஐந்து நாளைக்கு ஒருமுறை இருவர் காலையும் சேர்ந்தது. அன்று சேர்ந்து சந்தைக்குப் போனார்கள், சேர்ந்து இட்லி சாப்பிட்டார்கள். மற்ற நாட்களில் ஒரே கூரையின் கீழ் இரண்டு ஊர்க்காரர்கள்.

அவள் நாளுக்குத் தானும் மாறிவிடலாம் என்று முயன்று பார்த்தார். ஜன்னலுக்குக் கம்பளி கட்டினார். மூன்றாம் நாள் அடுப்பங்கரையில் கரண்டியோடு தூங்கி விழுந்து, முன்நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவு வீக்கம். மூன்று நாள் தன்னால் முடியாததை ஒரு வருடம் செய்தவள் அடுத்த அறையில் படுத்திருக்கிறாள் என்பதை அந்த வீக்கம் ஒரு வாரம் வலித்து வலித்துச் சொன்னது.

அவள் விழித்திருந்து இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தால் பழைய கதைதான். "சாப்டியா?" "ஆச்சு. நீங்க?" "ஆச்சு." சொல்ல வேண்டியவை தொண்டைவரை வந்து, அவள் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடும். ஆனால் காலை பத்து மணிக்கு, தெருவில் காய்கறி வண்டி கூவ, குக்கர்கள் விசிலடிக்க, ஊரே விழித்திருக்கும் நேரத்தில், அவள் மட்டும் சுவர்ப் பக்கம் புரண்டு தூங்குவாள். அப்போது திம்மராயன் கட்டில் அருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். வீட்டில் பேச வேறு ஆள் இல்லை. தூங்குகிறவளிடம் மெல்லப் பேச ஆரம்பித்தார். முதலில் வானிலை. பிறகு ரேஷன் கடை. ஒரு வாரத்தில் தன் அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில், பிள்ளை இல்லையா என்று ஊரார் அவளைக் கேட்டபோதெல்லாம் தான் வாயை மூடிக்கொண்டு நின்றதைப் பற்றி. தினமும் பதினொன்றரைவரை. நாளாக ஆக அவள் காலைத் தூக்கம் அதிகமாகிக்கொண்டே போனது. எந்த நாளில் பார்த்தாலும் பத்து மணிக்கு அவள் தூங்கினாள். அட்டவணைப்படி அப்படி வரக் கூடாதே என்று முன்னாள் விளக்குக்காரருக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

நாலு மாதம் கழித்து அவர் டாக்டர் வசுந்தராவிடம் போனார். மறுபடி கேட்டுப் பார்க்கலாம், புதிதாக மருந்து ஏதாவது வந்திருக்கும் என்று. மாதேவியைக் கூட்டிப்போகவில்லை. அவளுக்குத்தான் அது நடுநிசியாயிற்றே.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினாள். "மருந்தா? எதுக்கு? அவங்க போன மாசமே ரத்தினா கூட வந்து டெஸ்ட் எடுத்துட்டுப் போனாங்களே. இருபத்தினாலு மணி நேரம், சுத்தமா. அதுக்கு முன்னாடியே திரும்பியிருக்கணும், ரெண்டு மாசம் ஆகியிருக்கும். எனக்கே ஆச்சரியம். உங்ககிட்ட சொல்லலையா?"



"சொன்னா டாக்டர்" என்றார் திம்மராயன். "நான்தான் மறந்துட்டேன்."

பஸ்ஸில் வரும்போது ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். இரண்டு மாதம். அறுபது காலை. அறுபது காலையும் நல்ல முழிப்பில், வெளிச்சத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது என்றால் சும்மாவா? கும்பகர்ணனே ஒரு மணி நேரத்தில் விலா வலிக்கிறது என்று எழுந்திருப்பான். சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் நீர் முட்டியது. பக்கத்து இருக்கைக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி பத்தேகால். வாசலில் செருப்பை விடும்போது உள்ளே கட்டில் அவசரமாகக் கிரீச்சிட்டது. அடுப்பில் ஏதோ பாதி தாளித்து நின்றிருந்தது. அறைக்குள் போனார். மாதேவி சுவர்ப் பக்கம் திரும்பி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். புடவை முந்தானையில் கடுகு ஒன்று ஒட்டியிருந்தது.

எழுப்பிவிடலாம். எழுப்பினால் அவள் திரும்பி உட்காருவாள். "சாப்டியா?" என்று இவர் கேட்பார். "ஆச்சு" என்பாள். அப்புறம் இரண்டு பேரும் இருபத்தினாலு மணி நேரமும் விழித்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்திருக்கலாம்.

திம்மராயன் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொண்டையைக் கனைத்தார். மூடிய இமை ஒன்று லேசாகத் துடித்தது. தான் அதைப் பார்த்துவிட்டதாக அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று ஸ்டூலோடு திரும்பி, ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னிக்கு பஸ்ஸுல இன்னா ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தார்.